ஷேவ் முடிஞ்ச முகத்துக்கு எதை முதல்ல போடணும், எதை அதுக்கு மேல போடணும்

ஆஃப்டர்ஷேவ்னா நிறைய பேருக்கு இன்னமும் எரியுற தண்ணி ஒரு பாட்டில், அவ்வளவுதான். உள்ளங்கைல ஊத்தி ரெண்டு கன்னத்துலயும் தட்டிட்டு பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னா ஷேவிங் முடிஞ்சுது. இன்னொரு பக்கம் டோனர், சீரம், ஜெல், பாம், க்ரீம், சன்ஸ்கிரீன்னு ஆறேழு ஐட்டத்தை வரிசையா அடுக்கி வெச்சுக்கிட்டு எது எதுக்கு மேலன்னு தெரியாம எல்லாத்தையும் அப்பிக்கறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே தோலுக்கு நல்லதில்லைங்கறது என் கட்சி. ஷேவ் பண்ண முகத்துக்கு கொஞ்சம் பொருள் போதும், ஆனா எது போடறோம்ங்கறதுல கறாரா இருக்கணும், எந்த வரிசையில போடறோம்ங்கறதும் முக்கியம்.

முதல்ல பிளேடு என்ன பண்ணுதுன்னு பார்த்துடலாம், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரிஞ்சுடும். நம்ம தோலோட மேல் அடுக்குக்கு ஸ்ட்ராட்டம் கார்னியம்னு பேரு. உடம்புல பெரும்பாலான இடங்கள்ல அதோட தடிமன் 10லேர்ந்து 20 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரை நூறா பிரிச்சா அதுல ஒண்ணோ ரெண்டோ பங்கு. இத்துனூண்டு அடுக்குதான் உள்ள இருக்கற தண்ணிய வெளிய விடாமலும் வெளிய இருக்கறதை உள்ள விடாமலும் காவல் காக்குது. அதுல இருக்கறது செத்துப்போன செல்கள், நடுவுல இடைவெளி இல்லாம செராமைட், கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். பிளேடு முடியை மட்டும் வெட்டிட்டு போறதில்ல, இந்த அடுக்கையும் அங்கங்க செதில் செதிலா சீவிட்டுப் போகுது, அதுவும் ஒரே இடத்துல நாலஞ்சு தடவை இழுத்தோம்னா கேக்கவே வேண்டாம். இது போக சோப்பு வேற. நம்ம தோலோட பிஹெச் 5 பக்கம் இருக்கும், லேசா அமிலத்தன்மை, சாதாரண சோப்போட பிஹெச் 9, 10 வரைக்கும் போகும், அதாவது காரத்தன்மை, அது மிச்சம் மீதி இருக்கற எண்ணெயையும் கழுவி எடுத்துட்டுப் போயிடும்.

அதனால ஷேவ் பண்ணி முடிச்ச நிமிஷத்துல முகத்துல ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, உள்ள இருக்கற ஈரம் வழக்கத்தை விட வேகமா ஆவியாகுது, வாய் ஓரத்துல தோல் இழுத்துப் பிடிக்கறது அதனாலதான். ரெண்டாவது, மேல எதைப் பூசினாலும் வழக்கத்தை விட அதிகமா உள்ள இறங்குது. தினமும் எந்த பிரச்சினையும் இல்லாம போடற அதே க்ரீம் ஷேவ் பண்ண அன்னைக்கு மட்டும் சுருக்குனு எரியுதுன்னா க்ரீம் கெட்டுப்போகல, கதவு திறந்து கிடக்கு. ஆஃப்டர்ஷேவ் தேர்ந்தெடுக்கறப்ப இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துடும்.

எரிச்சலைப் பத்தி கொஞ்சம் பேசியே ஆகணும். என் தம்பி இன்னைக்கும், “எரிஞ்சாதாண்ணா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்”னு சொல்லுவான், இப்படி நம்பறவங்க ஏகப்பட்ட பேரு. விஷயம் என்னன்னா, தோல்ல இருக்கற நரம்பு நுனிகள்ல டிஆர்பிவி1னு ஒரு ரிசெப்டர் இருக்கு, சூட்டை உணர்றதுதான் அதோட வேலை, சாதாரணமா 42 டிகிரி செல்சியஸ் பக்கம் போனாதான் அது சுடுதுன்னு மூளைக்கு தகவல் அனுப்பும். ஆல்கஹால் பட்டா அந்த வரம்பு 34 டிகிரி கிட்ட இறங்கிடுதுன்னு 2002ல வந்த ஒரு ஆராய்ச்சி காட்டுச்சு. நம்ம தோலோட சாதாரண சூடே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆக நம்ம உடம்புச் சூடே நமக்கு சுடுதுன்னு நரம்பு சொல்லுது, அதுதான் அந்த எரிச்சல். ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், அது உண்மை, ஆனா எரியறதுக்கும் கிருமி சாகறதுக்கும் சம்பந்தம் இல்ல. ஜில்லுனு இருக்கறதும் இதே கதைதான். மெந்தால் தொட்டா குளிர்ச்சியை உணர்ற டிஆர்பிஎம்8ங்கற ரிசெப்டர் முழிச்சுக்குது, மெந்தாலால தோலோட வெப்பம் குறையறதில்ல, சிவந்து போனதும் அதனால ஆறல. இந்த ரிசெப்டர்களை எல்லாம் கண்டுபிடிச்ச வேலைக்குத்தான் டேவிட் ஜூலியஸுக்கும் ஆர்டெம் படாபூட்டியனுக்கும் 2021ல மருத்துவ நோபல் குடுத்தாங்க. ஜில்லுனு இருக்கறது பிடிச்சிருந்தா போட்டுக்கங்க, தப்பில்ல, சென்சிடிவ் தோல்னா மட்டும் மெந்தாலே சில பேருக்கு எரிச்சலைக் கிளப்பும்.

சரி, கடைல பாட்டிலை கையில எடுத்தா முன்பக்கத்தை பார்க்காதீங்க, பின்பக்கம் திருப்புங்க. இன்கிரீடியன்ட் லிஸ்ட்ல எது அதிகமா இருக்கோ அது முதல்ல வரும், 1 சதவீதத்துக்கு கீழ இருக்கறதை மட்டும் எந்த வரிசையில வேணா எழுதிக்கலாம், இது பல நாடுகள்ல விதியே. தண்ணிக்கு அடுத்து ரெண்டாவதா ஆல்கஹால் டீநாட்னு, அதாவது குடிக்க முடியாதபடி பண்ண சாதா ஆல்கஹால்னு, இருந்தா அந்த பாட்டில்ல முக்கியமான சரக்கே அதுதான், தண்ணிக்கும் முன்னாடியே வர்ற பிராண்டும் உண்டு. அதே சமயம் ஆல்கஹால்ங்கற வார்த்தையைப் பார்த்ததும் பதறவும் வேண்டாம். சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால், சீட்டியரைல் ஆல்கஹால் எல்லாம் மெழுகு ரகம், க்ரீமை கெட்டியாக்கி தோலை மெத்துனு வெச்சுக்கறதுக்கு போடறது, காய வைக்கற ஆல்கஹாலுக்கும் இதுக்கும் பேர்ல மட்டும்தான் ஒத்துமை. விட்ச் ஹேசல்ங்கற செடியோட சாறு நல்லதுன்னு நிறைய பேர் சொல்லி வாங்குவாங்க, அதுலயும் காய்ச்சி வடிச்ச ரகம் பலதுல 14 சதவீதம் ஆல்கஹால் சேர்ந்திருக்கும், ஆல்கஹால் இல்லாததும் கிடைக்குது, லேபிளைப் பார்த்து எடுங்க.

வாசனை சமாச்சாரம் இன்னும் பெருசு. ஆஃப்டர்ஷேவ்னாலே வாசனைக்காக வாங்கறவங்கதான் ஜாஸ்தி, எனக்கும் நல்ல வாசனை பிடிக்கும், ஆனா அதை சட்டையில அடிச்சுக்கறேன், ஷேவ் பண்ண கழுத்துல கிடையாது. ஃப்ராக்ரன்ஸ் அலர்ஜி தோல் டாக்டர்கள் அடிக்கடி பார்க்கற அலர்ஜி வகைகள்ல ஒண்ணு, லிமோனீன், லினாலூல் மாதிரி வாசனைப் பொருளெல்லாம் லிஸ்ட் கடைசியில தனித்தனியா எழுதியிருக்கறதுக்கு காரணமும் அதுதான், ஐரோப்பிய விதிப்படி முகத்துல அப்படியே விட்டு வைக்கற பொருள்ல இதுங்க 0.001 சதவீதத்தை தாண்டினாலே பேரைப் போட்டாகணும். அன்சென்டட்னு போட்டிருக்கறதை மட்டும் நம்பிடாதீங்க, மூலப்பொருளோட நாத்தத்தை மறைக்கறதுக்காக வாசனை சேர்த்திருந்தாலும் அப்படிப் போடுவாங்க, ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீன்னு இருக்கறதைத் தேடுங்க. பெர்கமோட்ங்கற எலுமிச்சை இனப் பழத்தோட எண்ணெய் கலந்த கொலோனை கழுத்துல தடவிட்டு வெயில்ல போனா ஒழுகின தடத்துலயே பழுப்புக் கோடா கறுத்துப் போறது மருத்துவத்துல பேரு வெச்சு பதிவான பிரச்சினை, பெர்லாக் டெர்மடைட்டிஸ்னு சொல்வாங்க, பெர்கமோட்ல இருக்கற பெர்காப்டென் வெயிலோட சேர்ந்து பண்ற வேலை. இப்ப பல கம்பெனிகள் பெர்காப்டெனை எடுத்துட்டுதான் சேர்க்கறாங்க, இருந்தாலும் ஷேவ் பண்ண தோல், வாசனை எண்ணெய், வெயில் இந்த மூணையும் சேர்த்து வைக்காம இருக்கறது நல்லது.

அப்ப எதைத் தேடணும்? எனக்குப் பிடிச்சது முதல்ல பாந்தெனால். ப்ரோவைட்டமின் பி5, ஈரத்தையும் பிடிச்சு வைக்கும், எரிச்சலையும் அடக்கும். அப்புறம் கிளிசரின், இதை யாரும் மதிக்கறதே இல்ல, ஹையலூரானிக் ஆசிட்னு பெருசா விளம்பரம் பண்றாங்களே, அதை விட கிளிசரின்தான் எனக்கு நம்பகமா இருக்கு, விலையும் கம்மி. அலன்டாயின், கொலாய்டல் ஓட்மீல்னு சொல்ற நைசா அரைச்ச ஓட்ஸ், இது ரெண்டும் தோலை அமைதிப்படுத்தறதுக்குன்னே அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ தோல் பாதுகாப்புப் பொருள் பட்டியல்ல வெச்சிருக்கறது. வைட்டமின் பி3 வகையான நியாசினமைட் இருந்தா 2லேர்ந்து 5 சதவீதம் போதும், 10 சதவீதம்னு வர்ற சீரத்தை ஷேவ் பண்ண உடனே போட்டா சில பேருக்கு முகம் சிவந்துடும். வறண்ட தோல்காரங்க செராமைட் இருக்கற க்ரீமா பார்த்து எடுங்க, பிளேடு சீவிட்டுப் போன அடுக்குலயே இருக்கற பொருள்தானே அது. ஷேவிங் பாம் ஆம்பளைங்களுக்கு மட்டும்னு யாராவது நினைச்சா ஒரு தகவல், 2015ல நிவியாவோட போஸ்ட் ஷேவ் பாமை மேக்கப்புக்கு அடியில பூசற ப்ரைமரா பெண்கள் வாங்க ஆரம்பிச்சு அது பெரிய பேச்சா ஆச்சு, நிக்கி டியூட்டோரியல்ஸ்ங்கற யூடியூப் மேக்கப் சேனல்ல வந்த வீடியோவால பரவினது அது. உள்ள இருக்கற கிளிசரின் மேக்கப்பை பிடிச்சு வைக்குதுன்னு சொன்னாங்க. கால், அக்குள் ஷேவ் பண்றவங்களுக்கும் நான் இங்க எழுதற எல்லாமே பொருந்தும், தோல் தோல்தான்.

இப்ப வரிசை. பிளேடை வெச்சதும் குளிர்ந்த தண்ணியில, பச்சைத் தண்ணி போதும் ஐஸ் எல்லாம் தேவையில்ல, நல்லா அலசுங்க. காதுக்கு கீழ, தாடை எலும்பு திரும்பற மூலை, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவுல இந்த மூணு இடத்துலயும் நுரை ஒட்டிக்கிட்டே இருக்கும், விரலால தடவிப் பார்த்தா வழவழன்னு தெரியும், அது போற வரைக்கும் அலசணும், இல்லேன்னா காரமான நுரை மேலயே மத்ததெல்லாம் பூசின கணக்காயிடும். டவலால தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும், அதுவும் முழுசா காய விடாம லேசா ஈரம் இருக்கறப்பவே நிறுத்திடுங்க.

எங்கயாவது வெட்டி ரத்தம் வந்தா அப்ப படிகாரம். அலுமினியம் சல்ஃபேட்டும் பொட்டாசியம் சல்ஃபேட்டும் சேர்ந்த உப்பு அது, தோல் மேல இருக்கற புரதத்தை உறைய வெச்சு சின்ன வெட்டுக்காயத்தை அடைச்சுடும். நான் படிகாரத்துக்கு எதிரி இல்ல, ஆனா அதை முகம் முழுக்க தேய்ச்சு அப்படியே விட்டுட்டுப் போறதை மட்டும் ஒத்துக்க மாட்டேன், தோலை சுருக்கி காய வெச்சுடும். கல்லை நனைச்சு தேவையான இடத்துல தடவி, அரை நிமிஷம் ஒரு நிமிஷம் விட்டு, திரும்ப கழுவிடணும். அதுக்கப்புறம்தான் அடுத்த அடுக்கு. இன்னொண்ணு, படிகாரக் கல்லை வீட்ல எல்லாரும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணக் கூடாது, ரத்தம் படற பொருள்.

அடுக்குல முதல்ல வர்றது தண்ணி மாதிரி இருக்கறது. டோனரோ, ஆல்கஹால் இல்லாத ஸ்ப்ளாஷோ, மெல்லிசான சீரமோ எதாவது ஒண்ணு. எரியற ஸ்ப்ளாஷ்தான் வேணும்னு அடம் பிடிக்கறவங்களும் அதை இங்கதான் போடணும், பாமுக்கு மேல ஊத்துனா பாமை கரைச்சு விட்டுடும். அது முழுசா ஆவியாகி எரிச்சல் அடங்கின பிறகு அடுத்ததுக்குப் போங்க. ரெண்டாவது பாம் இல்லேன்னா மாய்ஸ்சரைசர். ரெண்டும் சேர்த்து வேண்டாம், இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்ல. ஆஃப்டர்ஷேவ் பாம்ங்கறதே ஒரு மாய்ஸ்சரைசர்தான், ஷேவ் பண்ண தோலுக்குன்னு எரிச்சலை அடக்கற சமாச்சாரம் ரெண்டு சேர்த்து பேரை மாத்தி வெச்சிருக்காங்க, வாசனை இல்லாத சாதாரண மாய்ஸ்சரைசர் ஒண்ணு வீட்ல நல்லா ஒத்துப்போகுதுன்னா தனியா பாம் வாங்க வேண்டிய அவசியமே இல்ல. சீரத்தை மட்டும் போட்டு விட்டுடறதும் சரியில்ல, ஈரத்தை இழுக்கற பொருளுக்கு மேல மூடி வைக்க ஒண்ணு இல்லேன்னா ஈரத் துணியை ஃபேனுக்கு அடியில விரிச்சு வெச்ச கதைதான், கொஞ்ச நேரத்துல பழைய இழுப்பு திரும்ப வந்துடும்.

பாமை எப்படிப் போடறதுங்கறதையும் சொல்லிடறேன். பட்டாணி அளவு எடுத்து ரெண்டு உள்ளங்கையிலயும் பரப்பி, கை வெச்சு அழுத்தணும், தேய்க்க வேண்டாம். முதல்ல கழுத்து, அப்புறம் தாடை, கடைசியில கன்னம். எல்லாரும் கன்னத்துல ஆரம்பிச்சு கழுத்துக்கு வர்றப்ப கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது, ஆனா எரிச்சல் அதிகம் வர்றது கழுத்துலதான். தொண்டை எலும்புக்கு ரெண்டு பக்கமும் முடி கீழ்நோக்கி வளராம பக்கவாட்டுல சுழிச்சு வளரும், அதை வழிக்க நாலா பக்கமும் பிளேடை இழுத்திருப்போம், சட்டைக் காலர் வேற நாள் முழுக்க உரசும். அங்கதான் முதல் கை போகணும்.

ஒண்ணுக்கு மேல ஒண்ணு போடறப்ப முகத்துல அழிரப்பர் தூள் கணக்கா வெள்ளை வெள்ளையா உருண்டு வருதே, அது அழுக்கும் இல்ல செத்த தோலும் இல்ல. கீழ இருக்கறது காயறதுக்குள்ள மேல அடுத்ததைப் போட்டு தேய்ச்சா ஜெல்லுல இருக்கற கார்போமர், சிலிக்கான் வகையில வர்ற டைமெதிகோன் இதெல்லாம் படலமா உரிஞ்சு உருண்டுடும். தாடி முளைக்கற இடத்துல இது இன்னும் ஜாஸ்தி, ஏன்னா வெட்டின முடியோட முனை சொரசொரன்னு இருக்கும். அளவைக் குறைங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒண்ணு ரெண்டு நிமிஷம் விடுங்க, அழுத்தி வைங்க. அப்பவும் உருண்டா அந்த ரெண்டு பொருளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலன்னு அர்த்தம், ஒண்ணை மாத்திடுங்க.

பகல்னா கடைசி அடுக்கு சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 30க்கு குறையாம. நம்ம நிறத்துத் தோலுக்கு இதுல எனக்கு ரொம்பவே அக்கறை உண்டு. மாநிறம், கறுப்பு நிறத் தோல்ல எங்க எரிச்சல் வந்தாலும் அது ஆறின பிறகு மெலனின் அதிகமா சுரந்து கறுப்பா தடம் விட்டுட்டுப் போகும், வெயில் பட்டா அந்தத் தடம் இன்னும் அழுத்தமாகும், மறைய மாசக்கணக்காகும். தாடைக்கு கீழயும் கழுத்துலயும் மட்டும் கறுத்துப் போயிருக்குன்னு ப்ளீச், வெளுப்பாக்கற க்ரீம்னு தேடி ஓடறவங்க பாதி பேருக்கு தினசரி ஷேவிங் எரிச்சல்தான் மூலகாரணமா இருக்கும், அதை நிறுத்தாம மேல எதைப் பூசியும் பிரயோஜனம் இல்ல. ஷேவ் பண்ண உடனே சன்ஸ்கிரீன் எரியுதுன்னா ஜிங்க் ஆக்சைடு ரகத்தை முயற்சி பண்ணுங்க, பெரும்பாலும் அது சாதுவா இருக்கும், கொஞ்சம் வெள்ளையா தெரியும், நிறம் கலந்ததும் கிடைக்குது. இந்தத் தொல்லையே வேண்டாம்னா ராத்திரி ஷேவ் பண்ணுங்க. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச வழி. கழுவி, ஒத்தி, பாம் போட்டுட்டு படுத்துடலாம், வெயில் இல்ல, வியர்வை இல்ல, காலர் இல்ல, விடிய விடிய தோல் தன்னை சரி பண்ணிக்கும். ரொம்ப வறண்ட தோல்காரங்க கழுத்துல மட்டும் பாமுக்கு மேல மெல்லிசா வாஸ்லின் தடவிக்கலாம், ஈரத்தை அடைச்சு வைக்கறதுல பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்ச இன்னும் ஆள் வரல. முகப்பரு வர்ற எண்ணெய்த் தோல்காரங்களுக்கு இது வேண்டாம், ஜெல் மாதிரி லேசான லோஷன் ஒண்ணே தாராளம்.

ஷேவ் பண்ண முகத்துல அன்னைக்கு போடவே கூடாதது சிலது இருக்கு. ரெட்டினால், கிளைகாலிக் ஆசிட், ஸ்க்ரப், அப்புறம் அஸ்கார்பிக் ஆசிட் ரகத்து வைட்டமின் சி சீரம், அது நல்லா வேலை செய்யறதுக்காக பிஹெச் 3.5க்கு கீழ வெச்சிருப்பாங்க, சீவின தோல்ல பட்டா தெரியும் சேதி. இதெல்லாம் கெட்ட பொருள் இல்ல, நேரம் வேற. கழுத்துல பொரிப்பொரியா வர்றவங்களுக்கு ஆசிட் உண்மையிலயே உதவும். சுருட்டை முடிக்காரங்களுக்கு வெட்டின முடி வளைஞ்சு திரும்ப தோலுக்குள்ளயே குத்தி இறங்கும், அதுலதான் அந்த பொரி வருது. ஷேவ் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல சிவந்து எரிஞ்சு ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கறது வேற, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு முளைக்கற இந்த பொரி வேற, பாம் முதல் வகைக்குத்தான் கேக்கும். ரெண்டாவதுக்கு 2 சதவீதம் வரைக்கும் இருக்கற சாலிசிலிக் ஆசிட்டை ஷேவ் பண்ணாத நாள் ராத்திரியில போட்டா முடி வெளிய வர்ற துவாரம் அடைச்சுக்காம இருக்கும். கூடவே முடி வளர்ற திசையிலயே பிளேடை இழுக்கணும், ஒட்ட ஒட்ட வழிக்கறதை விட்டுடணும், உள்ள போன முடியை ஊசி வெச்சு நோண்டறதோ பிடுங்கறதோ கூடாது.

புதுசா எதை வாங்கினாலும் முதல்ல காதுக்குப் பின்னாடியோ முழங்கை மடிப்புலயோ கொஞ்சம் தடவி சில நாள் பாருங்க, ஒத்துக்கிட்டா முகத்துக்கு கொண்டு வாங்க. ரெண்டு புதுப் பொருளை ஒரே வாரத்துல ஆரம்பிச்சா எது ஒத்துக்கலன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

இவ்வளவு பண்ணியும் பொரியில சீழ் வைக்குது, வலிக்குது, இல்ல ஆறின இடம் தடிச்சு கெட்டியா எழும்புதுன்னா பாட்டிலை மாத்தி மாத்தி வாங்கிக்கிட்டு இருக்காம தோல் டாக்டர்கிட்ட போங்க. பெரும்பாலும் அவங்க முதல்ல சொல்றது மூணு நாலு வாரம் பிளேடைத் தொடாதீங்கன்னுதான். ஆஃபீஸ்ல தாடி கூடாதுன்னு விதி இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லி ஒரு லெட்டர் வாங்கிக்கங்க, ட்ரிம்மர் வெச்சு ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கிட்டாலே பல பேருக்கு அந்த பொரி பாதிக்கு மேல அடங்கிடுது.